மாலுமியும் சாஸ்திரியும்: ‘ஹொக்மா’ என்ற சொல்லைப் பழவேற்காட்டில் வைத்துப் படித்தல்

எபிரேய வேதத்தில் எசேக்கியேல் நூலின் 27ஆம் அதிகாரம் ஓர் ஒப்பாரி. செத்தது மனிதன் அல்ல, ஒரு துறைமுகம். மத்தியதரைக் கடலோரத்துத் தீரு பட்டணத்தை ஒரு கப்பலாக உருவகித்து, பலகை எந்த மலையின் மரம், பாய் எந்த நாட்டுத் துணி, தண்டு வலிக்கிறவன் எந்த ஊர்க்காரன் என்று ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லி, கடைசியில் கீழ்க்காற்றை ஏவி அதை நடுக்கடலில் உடைத்துப் போடுகிறது அந்தப் பாடல். அதன் 8, 9 வசனங்களில் ஒரு சொல் இரண்டு தடவை வருகிறது. ‘ஹகாமீம்’, அதாவது ‘ஹொக்மா’ உடையவர்கள். முதல் தடவை திசை பார்த்துக் கப்பலை ஓட்டுகிறவர்களுக்கு. இரண்டாம் தடவை பலகை இடுக்கில் கசிவை அடைக்கிற கேபால் ஊர்த் தொழிலாளிகளுக்கு. தமிழ்ப் புரொட்டஸ்டண்ட் சபைகளில் இன்றும் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பில் இரண்டு இடத்திலும் ‘சாஸ்திரிகள்’ என்று இருக்கிறது. சாஸ்திரிகள் மாலுமிகளாக இருந்தார்களாம். சாஸ்திரிகள் கலாபத்து வேலை செய்தார்களாம்.

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் இதை வாசித்தபோது வலைத்தொழிலை விட்டு வீட்டோடு இருக்கும் பெரியவர் ஒருவர் சிரித்துவிட்டார். “சாஸ்திரி இன்னாத்துக்கு சார் சுக்கான் புடிக்கிறான்? கடலத் தாண்டுனாலே தீட்டும்பான் அவன்.” ஆனால் கலாபத்து என்ற சொல்லை அவர் ஒரு நொடியில் பிடித்துக்கொண்டார். “அது கலப்பத்து. பஞ்சத் திரிச்சு உள்ள அடிக்கிறது. அத ஒழுங்கா அடிக்கத் தெரிஞ்ச ஆளு ஊருக்கு ஒருத்தன் ரெண்டு பேருதான் இருப்பான்.” அரபி வேர் கொண்டு, கப்பல்காரர்கள் வாய்வழியாகத் துறைமுகம் துறைமுகமாக வந்த சொல் அது. (கூடியவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு, அல்லாதவர்களும் உண்டு. ஜெபக்கூட்டம் அல்ல, வாசிப்புக் கூட்டம்தான்.)

மூலத்தில் அந்தப் பெரியவர் சொன்ன ஆள்தான் இருக்கிறான், ‘ஊருக்கு ஒருத்தன் ரெண்டு பேர்’. அவனுக்குப் பெயர் ஹாகாம். நம் மொழியில் அவன் சாஸ்திரியாக மாறிய பாதை எது, அந்தப் பாதையில் யார் யார் கைவிடப்பட்டார்கள் என்பதே இக்கட்டுரையின் அக்கறை. இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. யாருடைய அறிவை அறிவு என்று அழைப்பது, யாருடைய அறிவை வெறும் ‘பழக்கம்’ என்று ஒதுக்குவது என்ற அதிகாரப் பிரச்சினை இதற்குள் இருக்கிறது.

ஹொக்மா என்ற பெயர்ச்சொல் எபிரேய வேதத்தில் நூற்றைம்பது இடங்களை ஒட்டி வருகிறது. அதில் பாதிக்கு மேல் நீதிமொழிகள், யோபு, பிரசங்கி என்ற மூன்று நூல்களில். இதனால் இந்த மூன்றையும் ‘ஞான இலக்கியம்’ என்று தனியாகப் பிரித்து வைத்து, ஹொக்மாவின் பொருளை அங்கிருந்தே எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. மீதி இடங்களைப் பார்த்தால்தான் சொல்லின் உடம்பு தெரியும். யாத்திராகமத்தில் ஆசரிப்புக் கூடாரம் செய்ய அழைக்கப்படும் பெசலெயேல் ஹொக்மாவால் நிரப்பப்படுகிறான். எதற்கு? பொன், வெள்ளி, வெண்கலத்தில் வேலை செய்ய, கல் இழைக்க, மரம் செதுக்க. அதே நூலின் 35ஆம் அதிகாரத்தில் இருதயத்தில் ஹொக்மா உள்ள பெண்கள் தங்கள் கைகளால் ஆட்டு மயிர் நூற்கிறார்கள். எபிரேயருக்கு இருதயம் உணர்ச்சியின் இடமல்ல, யோசிக்கிற இடம். ஆகவே அந்த வாக்கியத்தில் யோசிப்பதும் நூற்பதும் ஒரே வேலை. தலை வேறு, கை வேறு என்ற பிரிவினை அங்கே இன்னும் நடக்கவில்லை. சாலொமோனின் ஆலயத்துக்கு வெண்கலத் தூண் வார்க்க வந்த தீரு பட்டணத்து ஈராம், ஒரு விதவையின் மகன், அவனும் ஹொக்மா நிறைந்தவன். எரேமியா 9ஆம் அதிகாரத்தில் ஊரே அழிகிற நேரத்தில் ‘ஹகாமோத்’ என்ற பெண்களைக் கூப்பிடச் சொல்கிறது. அவர்கள் யார் என்றால் ஒப்பாரி வைக்கத் தெரிந்தவர்கள். நீதிமொழிகள் 30இல் எறும்பும் பல்லியும்கூட இந்தப் பட்டியலில் ஏறிவிடுகின்றன.

இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால் ஹொக்மா என்பது ஒரு பொருளை, ஒரு நிலைமையை, ஒரு கூட்டத்தை எதிரில் வைத்துக்கொண்டு அதைச் சரியாகக் கையாளத் தெரிவது. மரத்தின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்து உளியை வைப்பது. சாவு வீட்டில் எந்த அடியை எப்போது எடுத்தால் பேச்சற்று உட்கார்ந்திருக்கிறவள் வாய்விட்டு அழுவாள் என்று தெரிந்து எடுப்பது. மடவை எந்த நேரத்தில் கரையோரம் ஒதுங்கும் என்று தெரிந்து வலை விடுவது என்று நானாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டாலும் அந்தச் சொல் மறுக்காது.

இப்போது தமிழ்ப் பிரதிக்கு வருவோம். ஒரே சொல்லை அது எப்படிப் பங்கு பிரித்திருக்கிறது என்று பாருங்கள். கூடாரம் செய்தவனுக்கு, அது கடவுள் வேலை என்பதால், ‘ஞானம்’. கோவிலுக்கே என்றாலும் வெண்கலம் காய்ச்சியவனுக்கு ‘யுக்தி’. ஒப்பாரிப் பெண்கள் அந்த வேலையில் ‘பழகின’ ஸ்திரீகள். தாவீதின் தளபதியோடு மதில்மேல் நின்று பேசித் தன் ஊரை அழிவிலிருந்து மீட்ட ஆபேல் ஊர்ப் பெண்ணுக்கு ‘புத்தியுள்ள’ என்ற அடைமொழி. 2 சாமுவேல் 13இல், தாமாரைப் பலாத்காரம் செய்ய அவள் அண்ணன் அம்னோனுக்கு வழி சொல்லிக் கொடுக்கிற யோனதாபுக்கு மூலத்தில் ‘மிகவும் ஹாகாம்’ என்றே இருக்கிறது. தமிழில் அவன் ‘தந்திரவாதி’. சாலொமோன் ராஜாவுக்கு மட்டும், அவர் எது செய்தாலும், ஞானம்.

மொழிபெயர்த்தவர்கள் திட்டமிட்டுச் சதி செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. இடத்துக்கு ஏற்ற சொல்லைத் தேடியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் இடத்துக்கு ஏற்ற சொல் என்று மனசுக்குத் தோன்றுவதில்தான் கருத்தியல் வேலை செய்கிறது. வெண்கலம் காய்ச்சுகிறவனையும் ராஜாவையும் ஒரே சொல்லால் அழைக்க நம் சமூகத்தில் வாய் வராது. பெண்ணுக்குப் புத்தி இருக்கலாம், ஞானம் இருந்தால் உறுத்தும். எபிரேயத்துக்கு இது உறுத்தவில்லை என்பது அந்தச் சமூகம் சமத்துவச் சமூகம் என்பதால் அல்ல. அதற்கு அடுத்து வருகிறேன்.

ஞானம் என்ற சொல்லுக்கு இங்கே ஏற்கெனவே ஒரு வீடு இருந்தது. சைவ சித்தாந்தத்தில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு படி. கோயில் கூட்டுவதும் மெழுகுவதும் பூத்தொடுப்பதுமான உடல் வேலை எல்லாம் அடிப்படியான சரியையில். கை ஓய்ந்து போகிற உச்சியில் ஞானம். கையும் தலையும் ஒட்டிக்கிடந்த ஹொக்மாவை எடுத்து, கையைக் கீழே விட்டுவிட்ட படியில் வைத்தால் என்ன ஆகும்? அதற்கு மேல் இயேசு சபையினர் காலந்தொட்டுக் கிறிஸ்தவத் தமிழில் ‘ஞான’ என்பது ‘ஆவிக்குரிய’ என்று பொருள்படும் முன்னொட்டாகவே ஆகிவிட்டது. ஞானஸ்நானம், ஞானத் தகப்பன், ஞானப்பாட்டு. ஞானத் தகப்பன் என்றால் அறிவுள்ள தகப்பன் அல்ல. உடம்பு சம்பந்தப்படாத தகப்பன். இந்த இரண்டு சுமையையும் ஏற்றிக்கொண்ட பிறகு, பெசலெயேலின் ஞானம் என்று படிக்கிற தமிழ் வாசகனுக்கு உளியும் சுத்தியலும் கண்ணில் படுவதில்லை. தாடியும் ஒளிவட்டமும்தான் படுகிறது.

இதில் பழவேற்காட்டுக்கு ஒரு சிறு வரலாற்று உரிமையும் உண்டு. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1719இல் இறக்கும்போது பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்திருந்தார். ஷூல்ட்சே மீதியை முடித்தார். அதன் பிறகு தமிழ் வேதத்தைப் புதிதாக உருவாக்கியவர் ஃபபிரிசியுஸ். பிரெஞ்சுக்காரர்கள் 1746இல் சென்னையைப் பிடித்தபோது இவர் அடைக்கலம் புகுந்தது டச்சுக்காரர் கையிலிருந்த பழவேற்காட்டில்தான். அவர் மொழிபெயர்ப்பின்மேல் நின்றுகொண்டுதான் ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871இல் வெளிவந்த பதிப்பைச் செய்தது. நான் மேலே காட்டிய சொற்கள் எல்லாம் அதில் உள்ளவை. தமிழ் வேதத்தின் மிகப் பெரிய மொழிபெயர்ப்பாளன், சுக்கான் பிடிக்கிறவர்களும் கலப்பத்து அடிக்கிறவர்களும் நிறைந்த ஒரு துறைமுகத்தில் இருந்தவன் என்பதை நினைக்கிறபோது எனக்கு ஒரு ஆதங்கம் வருகிறது. சாஸ்திரியைத் தேடி அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம்.

அதே பழவேற்காட்டில் ஹொக்மாவின் ரத்த சொந்தம் ஒன்று பல நூற்றாண்டாகக் குடியிருக்கிறது என்பதையும் சொல்லிவிடலாம். எபிரேயத்தின் ஹ-க-ம வேர்தான் அரபியில் ஹிக்மத். யுனானி வைத்தியரை ஹக்கீம் என்கிறோமே, அது ‘ஹாகாம்’ என்பதன் உடன்பிறப்பு. குர்ஆனின் 31ஆம் அத்தியாயத்தில் லுக்மானுக்குக் கொடுக்கப்பட்டது இந்த ஹிக்மத்தான். நாடி பிடித்துப் பார்க்கிறவனிடத்தில் சொல்லின் பழைய பொருள், கையால் அறிகிற அறிவு, பத்திரமாக இருக்கிறது. பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள் பனை ஓலையில் கூடையும் பெட்டியும் பின்னுகிறார்கள். ஆட்டு மயிர் நூற்ற பெண்களைப் பற்றிய வசனத்துக்கு விளக்கவுரை வேண்டுமென்றால் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

கிரேக்கத்திலும் இதே கதைதான். ஹோமரின் இலியத்தில் ‘சோபியா’ ஒரே ஒரு தடவை வருகிறது, 15ஆம் காண்டத்தில். கப்பல் பலகையை நூல் பிடித்து நேராக்குகிற தச்சனுக்கு. அரிஸ்டாட்டில் காலத்துக்குள் அவன் கழற்றி விடப்பட்டான். தொழில்திறன் ஒரு பக்கம், நடைமுறை விவேகம் இன்னொரு பக்கம், சோபியா எல்லாவற்றுக்கும் மேலே. எபிரேய வேதம் கிரேக்கத்துக்குப் போனபோது ஹொக்மாவுக்கு வைக்கப்பட்ட சொல் இந்தச் சோபியாதான். ஆகத் தமிழுக்கு வருவதற்கு முன்பே பாதி வழியில் கை வெட்டப்பட்டுவிட்டது என்றும் வாதிடலாம்.

ஒரு இடத்தில் மட்டும் தமிழ் ஜெயித்திருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. சங்கீதம் 107 கடலில் தொழில் செய்கிறவர்களைப் பற்றிப் பேசுகிறது. அலை தூக்கி அடிக்க, குடிகாரனைப்போலத் தள்ளாடுகிறார்கள். அப்போது அவர்களுடைய ஹொக்மா முழுவதும் விழுங்கப்பட்டுப் போகிறது என்பது மூலம். 1611இன் ஆங்கில மொழிபெயர்ப்பு இதை ‘என்ன செய்வதென்று தெரியாமல் போனார்கள்’ என்ற மாதிரியான ஒரு வழக்குத்தொடராகக் கரைத்துவிட்டது. தமிழ் ‘ஞானம்’ என்றே வைத்து, அது முழுகிப் போவதாகச் சொல்கிறது. படகோட்டியின் தொழிலறிவுக்கு ஞானம் என்ற பெயர், அதுவும் மூழ்குகிற நேரத்தில். இதை வாசித்தபோது கூட்டம் கொஞ்ச நேரம் பேசவில்லை. 2004 டிசம்பர் 26ஐப் பார்த்தவர்கள் அவர்கள். பிறகு மீன் விற்கிற அம்மா ஒருத்தர், “ஞானம் முழுவுதுன்னா, அதுக்கு முன்னாடி இருந்துச்சின்னு அர்த்தம்” என்றார். இலக்கணம் படித்தவர்கள் சொல்லும் விளக்கத்தைவிட இது எனக்குப் போதுமானதாக இருந்தது.

சரி, எபிரேயம் எல்லாருக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தது. அதனால் அது உழைப்பாளிகளின் பிரதியா? அப்படி அவசரப்பட்டால் மாட்டிக்கொள்வோம். நீதிமொழிகளைத் தொகுத்தவர்கள் பெரும்பாலும் அரண்மனையும் எழுத்தும் சார்ந்தவர்கள். 22ஆம் அதிகாரத்தின் நடுவில் தொடங்கும் பகுதி எகிப்தின் அமெனெமோப்பே என்ற அதிகாரியின் அறிவுரை நூலோடு ஒத்துப்போவதை 1924இலேயே அடால்ஃப் எர்மன் காட்டிவிட்டார். ராஜசபையில் எப்படிச் சாப்பிடுவது, மேலதிகாரி முன் எப்போது வாயை மூடுவது என்பதும் ஹொக்மாதான். 1 இராஜாக்கள் 5ஆம் அதிகாரத்தில், கடவுள் சாலொமோனுக்கு ஹொக்மா கொடுத்தார் என்று 12ஆம் வசனம் சொல்கிறது. 13ஆம் வசனத்தில் ராஜா முப்பதாயிரம் பேரைக் கட்டாய வேலைக்குப் பிடிக்கிறான். இரண்டு வசனத்துக்கும் இடையில் மூச்சு விடுகிற இடம்கூட இல்லை.

இதே சாலொமோன் மரங்களையும் மிருகங்களையும் பறவைகளையும் மீன்களையும் பற்றிப் பேசினான் என்று அதற்கு முந்திய அதிகாரம் பெருமைப்படுகிறது. மீன்களைப் பற்றி என்ன பேசினான் என்று இல்லை. எபிரேய வேதம் முழுவதும் தேடினாலும் ஒரு மீன் இனத்தின் பெயர்கூடக் கிடையாது, எல்லாம் பொதுவாக ‘தாக்’, மீன், அவ்வளவே. “மடவ தெரியாது, கெளுத்தி தெரியாது, கெழங்கான் தெரியாது, அப்புறம் இன்னா ராஜா பேசினாரு?” என்று ஒரு இளைஞன் கேட்டான். அவன் கேட்டதுதான் விஷயம். அறிந்தவன் பெயர் நூலில் இல்லை, அறிவின் உடைமை ராஜா பெயரில் பதிவாகியிருக்கிறது. ஃபூக்கோ 1976 உரைகளில் ‘அடக்கப்பட்ட அறிவுகள்’ என்று பேசினாரே, அவை இப்படித்தான் அடக்கப்படுகின்றன. அழித்து அல்ல, பெயர் மாற்றிப் பதிவு செய்து.

யோனதாப் விஷயமும் இதோடு சேர்ந்தது. அவனைத் தந்திரவாதி என்று தனியாக ஒதுக்குவதன் மூலம் தமிழ்ப் பிரதி ஞானத்தின் கற்பைக் காப்பாற்றுகிறது. மூலமோ காப்பாற்றவில்லை. திறமை திறமைதான், அது யாருக்கு எதிராக வேலை செய்கிறது என்பது வேறு கேள்வி என்று எபிரேயம் விட்டுவிடுகிறது. தீமை செய்வதில் ஹாகாம்கள் என்று எரேமியாவே ஒரு இடத்தில் தன் ஜனத்தைத் திட்டுகிறார். ஹொக்மாவைப் புனிதமாக்காமல் படிப்பது நமக்கு நல்லது. காரணம் சொல்கிறேன்.

பழவேற்காட்டில் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை ஒட்டி, கழி நட்டு வலை கட்டுகிற இடங்களைக் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் என்ற மூன்று ஊர்களும் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஊருக்குள் தலைக்கட்டுக் கணக்கு. நல்ல இடமும் மோசமான இடமும் எல்லாருக்கும் சுற்றி வரும். அமாவாசை, பௌர்ணமி நீரேற்றத்தில் இறால் எந்தப் பக்கம் ஓடும், ஒருவன் வலை இன்னொருவன் வலையை மறைக்காமல் எவ்வளவு தள்ளிக் கட்டுவது என்ற அத்தனை அறிவும் இந்த முறைக்குள் சட்டமாக உறைந்திருக்கிறது. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்துக்காக செபாஸ்டியன் மாத்யூ 1991இல் இதை விரிவாக எழுதினார். பொதுச்சொத்தை ஏழைகள் பாழாக்கிவிடுவார்கள் என்று பாடம் நடத்துகிறவர்களுக்கு எதிராக உலகமெங்கும் எடுத்துக்காட்டப்படுகிற முறைகளில் இதுவும் ஒன்று.

பாடு என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திக் கேளுங்கள். மீன்பிடிக்கிற இடம் பாடு. அன்றைக்கு விழுந்த மீனும் பாடு. உழைப்பது பாடுபடுவது. கிறிஸ்தவத் தமிழில் சிலுவை வேதனை ‘பாடுகள்’. இடமும் உழைப்பும் பலனும் வேதனையும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொண்டிருப்பது ஹொக்மா மாதிரிதான், இன்னும் வெட்டிப் பிரிக்கப்படாத சொல். ஹொக்மாவுக்குத் தமிழ் தேடுகிற வேலையில் இதையும் ஒருவர் முன்மொழிந்தார், சரிப்படவில்லை. கைவாகு, சூட்சுமம், வித்தை எல்லாம் வந்து போயின. கடைசியில் நின்றது ‘நெதானம்’. கண் பார்த்து அளவு சொல்வதும் நிதானம், பதறாமல் இருப்பதும் நிதானம். சுக்கான் பிடிக்கிறவனுக்குப் பொருந்துகிறது, நூற்கிறவளுக்குப் பொருந்துகிறது. ஒப்பாரிக்குப் பொருந்துமா என்று நான் சந்தேகப்பட, “அடுத்தவங்கள அழ வைக்கணும்னா நமக்கு நெதானம் வேணும்” என்றார் அந்த அம்மா. யோனதாபுக்கும்கூடப் பொருந்துகிறது என்பதுதான் பயமாக இருந்தது. அவனும் நிதானமாகத்தான் செய்தான். நீதிமொழிகள் 8இல் படைப்பின்போது கடவுள் பக்கத்தில் விளையாடுகிற பெண்ணாக ஹொக்மா வருகிறாளே, அங்கே மட்டும் இது உதவவில்லை. அந்த இடத்தின் ‘ஆமோன்’ என்ற எபிரேயச் சொல்லைச் செல்லப்பிள்ளை என்றும் படிக்கலாம், கைவினைஞர் என்றும் படிக்கலாம். பழைய தமிழ் செல்லப்பிள்ளையைத் தேர்ந்தெடுத்தது.

இனி பாடுமுறையின் யோனதாப் பக்கம். அந்தச் சுற்றில் இடம் பட்டினவர் சாதி ஆண்களுக்கு. பெண்ணுக்குப் பங்கு இல்லை. தலித்துகளுக்கும் இருளருக்கும் இல்லை. இறால் ஏற்றுமதிக்கு விலை ஏறிய 1970களுக்குப் பிறகு ஏரிக்குள் வர விரும்பியவர்களை வெளியே நிறுத்தவும் இதே முறைதான் பயன்பட்டது. பாரம்பரிய அறிவு என்று நாம் கொண்டாடுகிற ஒன்று, உள்ளே சமப்பங்கும் வெளியே சாதிவேலியுமாக ஒரே நேரத்தில் இயங்குகிறது. இரண்டும் ஹொக்மாதான். அதைச் சொல்லாமல் மீனவர் ஞானம் என்று மலர் தூவுகிற கட்டுரைகளை நம் பத்திரிகைகளில் நிறையப் படித்தாயிற்று.

அந்த ஏரியில் இருளர் பெண்கள் மீன் பிடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வலை இல்லை, படகு இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி, விரலில் படுகிற இறாலை அப்படியே அமுக்கி எடுக்கிறார்கள். பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்தபடி அதில் போடுகிறார்கள். கலங்கிய தண்ணீரில் கண் உதவாது. இறால் துள்ளுகிற திசையை விரல் முன்கூட்டியே அறிய வேண்டும். கையில் இருதயம் உள்ளவர்கள் என்று யாத்திராகமத்துப் பாணியில் சொன்னால் அது இவர்களுக்குத்தான் எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும். ஏரியில் இவர்களைவிடக் குறைந்த உரிமை உள்ளவர்களும் கிடையாது.

பிரசங்கி 9ஆம் அதிகாரத்தில் ஒரு குட்டிக் கதை வருகிறது. சின்ன ஊர், சில பேர்தான் குடியிருப்பு. பெரிய ராஜா ஒருவன் வந்து முற்றுகை போடுகிறான். ஊரில் ஹொக்மா உள்ள ஓர் ஏழை இருக்கிறான். அவன் தன் ஹொக்மாவால் ஊரைக் காப்பாற்றினான், பிறகு யாரும் அவனை நினைக்கவில்லை என்று படிப்பது வழக்கம். எபிரேய வினைமுற்றை, காப்பாற்றியிருக்கக்கூடும், ஆனால் யாரும் அவனை நினைக்கவில்லை என்றும் படிக்க இடமுண்டு. அடுத்த வசனத்தில் ஏழையின் ஹொக்மா அசட்டை பண்ணப்படுகிறது, அவன் பேச்சு கேட்கப்படுவதில்லை என்று வருவதால் நான் இரண்டாவது வாசிப்பின் பக்கம் சாய்கிறேன். முதல் வாசிப்பில் நன்றிகெட்டதனம்தான் பிரச்சினை. இரண்டாவதில் ஊர் அழிந்துபோகிறது, கேட்காததனால்.

இந்த வாசிப்பு வித்தியாசத்துக்கு இங்கே ஒரு நடப்பு முகம் உண்டு. பழவேற்காட்டுக்குத் தெற்கே, 2018இல் அதானி குழுமம் வாங்கிய காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிவாக்கும் திட்டம் வந்தது. பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் முதலில் 2021 ஜனவரி 22க்கும், பிறகு 2023 செப்டம்பர் 5க்கும் குறிக்கப்பட்டு, இரண்டு தடவையும் எதிர்ப்புக்கு நடுவே தள்ளிவைக்கப்பட்டது. இந்தக் கடற்கரையில் மணல் ஒரு வருஷத்தில் கூடுதலாக வடக்கே நகர்கிறது, வடகிழக்குப் பருவக்காற்றின் மாதங்களில் தெற்கே திரும்புகிறது, மொத்தக் கணக்கில் வடக்குக்குத்தான் போகிறது. குறுக்கே கல் கொட்டினால் தெற்கில் மணல் சேரும், வடக்கில் கரை அரிக்கும். வடக்கில் இருப்பது பழவேற்காடு. கடல் பொறியியல் படித்தவர்கள் இதை அளந்து எழுதுகிறார்கள். குப்பத்தில் இதைச் சொல்வதற்கு ஒரு வாக்கியம் போதும். “மண்ணு வடக்க நடக்குது சார், காலு ஒடச்சா எங்க வூட்டாண்ட வராது.”

இரண்டும் ஒரே அறிவுதான் என்று நான் சொல்ல வரவில்லை. மண்ணின் அளவை டன் கணக்கில் சொல்ல குப்பத்து நிதானத்தால் முடியாது. எந்த வருஷம் முகத்துவாரம் எந்தப் பக்கம் தூர்ந்தது என்று ஐம்பது வருஷத்துக்கு மனப்பாடமாகச் சொல்ல இரண்டு பருவம் அளந்த கருவியாலும் முடியாது. ஆனால் கருத்துக்கேட்பு என்ற ஏற்பாட்டில் முதலாவதற்கு ‘அறிக்கை’ என்று பெயர், இரண்டாவதற்கு ‘ஆட்சேபணை’ என்று பெயர். அறிக்கையைத் தயாரித்தவன் நிபுணன். ஆட்சேபணை சொல்கிறவன் பாதிக்கப்பட்டவன். அவனுக்கு இழப்பீடு உண்டு, அவன் சொன்னதற்கு அடிக்குறிப்பு கிடையாது. ஒரே சொல்லை ஞானம், யுக்தி, பழக்கம், தந்திரம் என்று பங்கு பிரித்த அதே கைதான் இதையும் பங்கு பிரிக்கிறது.

குழுவில் அடுத்து யோபு 28ஐ எடுத்திருக்கிறோம். சுரங்கத்துக்குள் கயிற்றில் தொங்கிப் பொன் தேடுகிறவர்களைப் பற்றி அற்புதமாகப் பேசிவிட்டு, ஹொக்மா எங்கே கிடைக்கும் என்று கேட்கும் அதிகாரம் அது. என்னிடத்தில் இல்லை என்று அங்கே கடல் பதில் சொல்கிறது. இதைப் பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. கடலைக் கேட்ட ஆள் சரியில்லை என்கிறார். வரிவரியாகப் படித்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.